அறிவித்தது எவ்வளவு, கைக்கு வந்தது எவ்வளவு?
வாசகர் கேள்வி - பதில்: கல்லூரியின் ஆண்டு முன்னேற்றம்

நிதி திரட்டல், கணினி வசதி, வளாக வேலைகள் பற்றி வந்த கடிதங்களில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து இந்த இதழில் பதில் தருகிறோம். நீளமான கேள்விகளைச் சுருக்கியிருக்கிறோம்.

கேள்வி: ஆண்டறிக்கையில் 'இவ்வாண்டு திரட்டிய நிதி' என்று ஒரே ஒரு எண்ணைப் போடுகிறோம். தணிக்கையாளர் கணக்கோ வேறு எண்ணைக் காட்டுகிறது. எது சரி?
(கணக்குப் பிரிவு அலுவலர் ஒருவர்)

இரண்டுமே சரியாக இருக்கலாம். தவறு, ஒரே எண்ணைப் போட்டதில்தான்.

ஒரு நன்கொடையாளர் 5 ஆண்டுகளில் 50 (லட்சம் என்று கொள்ளுங்கள்) தருவதாக எழுதிக் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் ஆண்டு அறிக்கையில் '50 திரட்டினோம்' என்று போடுகிறீர்கள். மறு ஆண்டு அவருடைய தவணை 10 வருகிறது. அதையும் அந்த ஆண்டின் வசூலில் சேர்க்கிறீர்கள். ஐந்து அறிக்கைகளையும் கூட்டிப் பார்த்தால் ஒரே பணம் இரண்டு தடவை ஏறியிருக்கும். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. உறுதிமொழிப் பட்டியல் பழைய மாணவர் அலுவலகத்திலும், ரசீதுப் புத்தகம் கணக்குப் பிரிவிலும் இருப்பதால் வரும் கோளாறு இது.

நான்கு வரிகளாகப் பிரியுங்கள்: இந்த ஆண்டு வந்த புதிய உறுதிமொழி, புதிய நன்கொடையாகக் கைக்கு வந்த ரொக்கம், முந்தைய உறுதிமொழிகளின் தவணையாக வந்த ரொக்கம், பொருளாக வந்தது. ரொக்க வரிகள் இரண்டையும் கூட்டினால் தணிக்கைக் கணக்கின் நன்கொடை எண் வரவேண்டும். வராவிட்டால் காரணத்தை அடிக்குறிப்பாக ஒரு வரியில் எழுதுங்கள். உயில் மூலம் தருவதாகச் சொன்னவர்களின் எண்ணிக்கையை மட்டும் தனியாகப் போடலாம். தொகையை எதிலும் கூட்டவேண்டாம். பொருளாக வந்ததில் உஷார் தேவை. ஒரு நிறுவனம் கழித்துவிட்ட 40 கணினிகளைப் புது விலைக்குக் கணக்கில் ஏற்றிக்கொண்டால் அறிக்கை பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அடுத்த ஆண்டு அவற்றை அப்புறப்படுத்தும் செலவு கல்லூரி தலையில்தான் விழும்.

இன்னும் ஒரு பிரிவு கட்டாயம் வேண்டும். 'இன்ன வேலைக்கு மட்டும்' என்று சொல்லித் தந்த பணம் எவ்வளவு, கல்லூரி விருப்பப்படி செலவழிக்கக்கூடியது எவ்வளவு என்ற கணக்கு அது. மொத்த வசூல் ஏறியிருந்தும் மின்கட்டணம் கட்டக் கையில் பணமில்லாத கல்லூரிகளின் புதிருக்கு விடை பெரும்பாலும் இந்தக் கணக்கில் இருக்கும். தவணை தேதி தாண்டி 12 மாதம் ஆகியும் வராத உறுதிமொழிகளையும் ஆண்டுக்கு ஒரு முறை பட்டியலிடுங்கள்.

கேள்வி: 6,000 பழைய மாணவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினோம். 140 பேர்தான் பணம் அனுப்பினார்கள். எங்கே பிசகினோம்?
(பழைய மாணவர் சங்கச் செயலாளர்)

எல்லாரிடமும் ஒரே கடிதத்தில், தொகை சொல்லாமல், ஒரே நாளில் கேட்டதில். நிதி திரட்டலில் அனுபவமுள்ளவர்கள் கீழிருந்து தொடங்குவதில்லை. மேலிருந்து ஒரு படிக்கட்டுப் போட்டுக்கொள்வார்கள். இலக்கு 100 என்றால் அது ஏறத்தாழ இப்படி இருக்கும்:

15 தரும் ஒருவர். 8 தரும் இருவர். 4 தரும் ஐவர். 2 தரும் பத்துப் பேர். இந்த 18 பேரிடமிருந்தே 71 வந்துவிடும். அடுத்து 0.7 வீதம் இருபது பேர், 0.1 வீதம் நூறு பேர். மிச்சம் 5-ஐ மற்ற எல்லாரும் சேர்ந்து தருவார்கள்.

மேல்படி ஒவ்வொன்றுக்கும் தரக்கூடியவர்கள் என்று மூன்று நான்கு பெயர்களாவது கையில் இருக்கவேண்டும். ஒருவர் மறுப்பார், ஒருவர் குறைத்துத் தருவார். 18 நன்கொடைக்கு 54 முதல் 72 பெயர்கள் தேவை. அந்தப் பட்டியலை எழுத முடியவில்லை என்றால் இலக்குதான் பெரிது. குறைத்துக்கொள்ளுங்கள். இந்தப் படிகளில் இருப்பவர்களிடம் மின்னஞ்சலில் கேட்கக்கூடாது. அவருக்குத் தெரிந்த ஒருவரும் கல்லூரி முதல்வரும் நேரில் போய், தொகையைச் சொல்லி, எதற்கு என்று காட்டிக் கேட்கவேண்டும். இலக்கில் பாதிக்கு மேல் இப்படி உறுதியான பிறகே ஊரறிய அறிவிப்பது வழக்கம். பூஜ்யத்தில் நிற்கும் திட்டத்துக்கு முதல் ஆளாகக் கொடுக்க யாருக்கும் தயக்கம் வரும்.

பொது மடலுக்கு வருவோம். 6,000 முகவரிகளில் எத்தனை திரும்பி வந்தன என்று பார்த்தீர்களா? முதல் வேலை அதுதான். அடுத்து, ஒவ்வொரு வருடத்து மாணவர்களுக்கும் ஒருவரைப் பொறுப்பாக்கி, அவர் 10, 15 பேரிடம் மட்டும் போனில் பேசட்டும். பழைய மாணவர்களிடம் ஆண்டுதோறும் முறையாகக் கேட்கும் பழக்கம் 1890-இல் யேல் பல்கலைக்கழகத்தில் ஏற்பட்ட பழைய மாணவர் நிதியிலிருந்து பரவியது. வருடத்துக்கு ஒரு பொறுப்பாளர் என்ற ஏற்பாட்டை இன்றும் பல கல்லூரிகள் விடாமல் வைத்திருக்கின்றன.

இப்போது அந்த 140 பேரை விட்டுவிடாதீர்கள். அடுத்த ஆண்டு அறிக்கையில் பார்க்கவேண்டிய எண், இவர்களில் எத்தனை பேர் மறுபடி தந்தார்கள் என்பது. 60 பேர் என்றால் 43 சதவீதம். புதிதாக ஒருவரைப் பிடிப்பதைவிட, கொடுத்தவரைத் தக்கவைப்பது மலிவு. ரசீதும் நன்றிக் கடிதமும் இரண்டு நாளுக்குள் போகவேண்டும். ஆறு மாதம் கழித்து, எதுவும் கேட்காமல், அந்தப் பணத்தில் என்ன நடந்தது என்று ஒரு படத்தோடு நாலு வரி. பல இடங்களில் இந்த இரண்டாவது கடிதம் போவதே இல்லை.

'கொடுத்தவர்கள் சதவீதம்' என்ற எண்ணை மட்டும் பெரிதாக நம்பாதீர்கள். முகவரி தெரியாதவர்களைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டாலே சதவீதம் ஏறிவிடும். அமெரிக்காவில் யு.எஸ். நியூஸ் இதழின் கல்லூரித் தரவரிசை பல ஆண்டுகள் இந்தச் சதவீதத்துக்கு மதிப்பெண் கொடுத்து வந்தது. 2023-இல் வெளியிட்ட பட்டியலில் அதைக் கைவிட்டது.

கேள்வி: ஒருவர் புதுக் கட்டடத்தின் முழுச் செலவையும் ஏற்று, தன் குடும்பப் பெயரை வைக்கச் சொல்கிறார். ஒப்பந்தத்தில் என்னென்ன எழுதவேண்டும்?
(ஆட்சிக்குழு உறுப்பினர்)

முதலில் பராமரிப்பு. அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் குழுமம் 1990-இல் தந்த பரிந்துரைப்படி, கட்டடங்களை அதே நிலையில் வைத்திருக்க, அவற்றைப் புதிதாகக் கட்டும் செலவில் 2 முதல் 4 சதவீதத்தை ஆண்டுதோறும் ஒதுக்கவேண்டும். கட்டடம் 100 என்றால் வருடத்துக்குக் குறைந்தது 2. ஒரு நிரந்தர வைப்பு நிதியிலிருந்து ஆண்டுக்கு 4 சதவீதம் எடுக்கலாம் என்று வைத்தால், இந்த 2-ஐப் பெற வைப்பு நிதியே 50 இருக்கவேண்டும். ஆக, முழுச் செலவும் தருகிறேன் என்பவர் மூன்றில் இரண்டு பங்குதான் தருகிறார். கூடுதலாக 20 கேட்டு வாங்கினாலும் வருடத்துக்கு 0.8 கிடைக்கும். மீதி 1.2 எந்தத் தலைப்பிலிருந்து வரும் என்று பட்ஜெட்டில் இன்றைக்கே எழுதிவிடுங்கள்.

அடுத்து, பெயர் எத்தனை ஆண்டு? 'என்றென்றும்' என்று எழுதாதீர்கள். 25 ஆண்டு, அல்லது கட்டடம் இடிக்கப்படும் வரை, இவற்றில் எது முந்தியோ அது. தவணை நின்றுபோனால் பெயர் என்னாகும்? பெயர்ப்பலகை முதல் தவணைக்கா, கடைசித் தவணைக்கா? பின்னாளில் அந்தப் பெயரால் கல்லூரிக்குத் தலைகுனிவு வந்தால் நீக்கும் உரிமை யாருக்கு? டஃப்ட்ஸ் பல்கலைக்கழகம் 2019 டிசம்பரில் தன் கட்டடங்களிலிருந்து, ஓபியாய்டு வலிநிவாரணி மருந்து விற்பனையால் சர்ச்சைக்குள்ளான சாக்லர் குடும்பத்தின் பெயரை எடுத்தபோது எதிர்கொண்ட கேள்வி இதுதான்.

பெயருக்கு என்ன விலை என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. சென்னை புனித ஜார்ஜ் கோட்டையின் தலைவராக இருந்து, முறைகேட்டுப் புகாரில் 1692-இல் பதவி இழந்தவர் எலிஹு யேல். 1718-இல் அமெரிக்காவின் கனெக்டிகட்டில் தடுமாறிக்கொண்டிருந்த ஒரு சிறு கல்லூரிக்கு ஒன்பது பொதிச் சரக்கும், 417 புத்தகங்களும், மன்னர் முதலாம் ஜார்ஜின் படமும் அனுப்பினார். சரக்கு விற்றதில் சுமார் 562 பவுண்டு கிடைத்தது. கல்லூரிக்கு அவர் பெயரையே வைத்தார்கள். அது முந்நூறு ஆண்டு கடந்தும் நிற்கிறது. காலவரையறை எழுதாத ஒப்பந்தம்!

கேள்வி: நூலகத்தில் வைஃபை கோடுகள் முழுதாகத் தெரிகின்றன. ஆனால் காலை 11 மணிக்கு மேல் புதிதாக வருபவர்களுக்கு இணைப்பே கிடைப்பதில்லை. இன்னும் வைஃபை கருவிகள் வாங்கவேண்டுமா?
(கணினி ஆய்வகப் பொறுப்பாளர்)

வாங்கும் முன் ஒரு சோதனை. இணைப்பு கிடைக்காத லேப்டாப்பில் ஐ.பி. முகவரியை (நெட்வொர்க்கில் அதற்குத் தரப்படும் எண்) பாருங்கள். 169.254 என்று தொடங்கினால் அதற்கு முகவரியே தரப்படவில்லை. சிக்னல் நன்றாக இருக்கிறது, முகவரிதான் தீர்ந்துவிட்டது.

வழக்கமான அமைப்பில் ஒரு நெட்வொர்க்கில் 254 முகவரிகள்தான் உண்டு. 300 மாணவர்கள், ஆளுக்கு ஒரு போன், ஒரு லேப்டாப் என்றால் 600 தேவை. போதாததற்கு, ஒரு போனுக்கோ லேப்டாப்புக்கோ தந்த முகவரியை எவ்வளவு நேரம் அதற்கே ஒதுக்கி வைப்பது என்ற கெடு வேறு இருக்கிறது. விண்டோஸ் சர்வரில் முகவரிகளை வழங்கும் டி.எச்.சி.பி. சேவையை அப்படியே நிறுவினால் அந்தக் கெடு 8 நாள். திங்களன்று எட்டிப் பார்த்துவிட்டுப் போன போனுக்கு அடுத்த வாரம் வரை இடம் பிடித்து வைத்திருப்பார்கள். மாணவர் நெட்வொர்க்குக்குக் கெடுவை 1 அல்லது 2 மணி நேரமாக்குங்கள். முகவரி எல்லையை /24-இலிருந்து (அந்த 254 முகவரி அமைப்பு) /22 ஆக்கினால் 1,022 முகவரிகள் கிடைக்கும். அதற்கு மேல் போகும் என்றால் கட்டடவாரியாக நெட்வொர்க்கைப் பிரிப்பதே நல்லது. இதில் எதற்கும் புதுக் கருவி தேவையில்லை.

முகவரி கிடைத்தும் மெதுவாக இருந்தால் அது வேறு நோய். வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 மூன்றுதான். நான்காவது கருவியை அருகில் வைத்தால் அது முதல் மூன்றில் ஒன்றின் நேரத்தைப் பறிக்கும். நெருக்கமான இடங்களில் ஒன்றுவிட்டு ஒரு கருவியில் 2.4-ஐ அணைத்துவிட்டு 5 கிகாஹெர்ட்சை நம்புங்கள். அங்கும் சேனல் அகலம் 80 வேண்டாம், 20 அல்லது 40 மெகாஹெர்ட்ஸ் போதும். கருவிகளைத் தாழ்வாரத்தில் வரிசையாக மாட்டுவது கேபிள் இழுப்பவருக்கு வசதி, மாணவருக்கு அல்ல. தாழ்வாரத்தில் அவை ஒன்றையொன்று கேட்டுக்கொண்டு தத்தம் முறைக்காகக் காத்திருக்கும். ஆள் உட்காரும் அறைக்குள் மாட்டி, சிக்னல் வலிமையைக் குறையுங்கள்.

கருவி மாற்றும்போது அடிக்கடி கோட்டை விடும் இடம் மின்சாரம். கேபிள் வழியே மின்சாரம் தரும் 24 வாயில்கள் (கேபிள் செருகும் இடங்கள்) கொண்ட நெட்வொர்க் ஸ்விட்ச் ஒன்றின் மொத்தக் கொள்ளளவு 370 வாட் என்று வைத்துக்கொள்வோம். பழைய கருவிகளுக்கு வாயிலுக்கு 15.4 வாட் வீதம் 24-க்கும் கச்சிதமாகப் போதும். புதியவை 30 வாட் வரை கேட்டால் 12-க்குத்தான் தாங்கும். 13-ஆவதைச் செருகும் நாளில், அந்த ஸ்விட்ச் எதற்கு முன்னுரிமை தருகிறதோ அதைப் பொறுத்து ஏதாவது ஒரு கருவி காரணம் தெரியாமல் அணையும். செம்புக் கேபிள் இணைப்புத் துண்டுகள் உட்பட 100 மீட்டருக்கு மேல் போகக்கூடாது. கட்டடம் விட்டுக் கட்டடம் ஆப்டிக்கல் ஃபைபர்தான். தூரம் ஒரு காரணம், இடி மின்னல் இன்னொன்று.

அறிக்கையில் 'இவ்வாண்டு 60 கருவிகள் நிறுவினோம்' என்பதோடு நிறுத்தாமல், நெரிசல் நேரத்தில் ஒரே சமயத்தில் இணைந்திருந்தவை எத்தனை, இணைய முயன்று தோற்றவை எத்தனை என்பதையும் போடுங்கள். இரண்டும் கட்டுப்பாட்டுத் திரையிலேயே கிடைக்கும்.

கேள்வி: எல்லா வகுப்பிலும் புரொஜெக்டர் மாட்டியாயிற்று. பயன்படுத்துகிறார்களா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
(துறைத் தலைவர்)

யாரையும் கேட்கவேண்டாம். புரொஜெக்டரின் மெனுவிலேயே 'இயங்கிய மணிநேரம்' இருக்கும். பருவத் தொடக்கத்திலும் முடிவிலும் குறித்துக் கழித்துப் பாருங்கள். 90 வேலை நாளில் 12 மணி நேரம் ஓடியிருந்தால் அந்த அறையில் ஏதோ தடை இருக்கிறது. பெரும்பாலும் அற்பமானது: எச்.டி.எம்.ஐ. கேபிள் மேசை வரை எட்டாது, ரிமோட் பூட்டிய அலமாரியில் இருக்கும், திரைக்கு நேர்மேலே உள்ள விளக்குக்குத் தனி சுவிட்ச் இருக்காது. விளக்கு வகை புரொஜெக்டரின் விளக்கு பொதுவாக 3,000 முதல் 5,000 மணி நேரம் வரும், லேசர் வகை 20,000 வரை. இரண்டுக்கும் காற்று வடிகட்டியில் தூசி சேர்ந்தால் சூடேறித் தானே அணையும். பல பழுதுப் புகார்கள் வடிகட்டியைத் துடைத்தால் தீர்ந்துவிடும்.

கேள்வி: மதிப்பெண் தரவுகளை வெளி ஹார்ட் டிஸ்கில் நகல் எடுக்கிறோம். போதுமா?

அந்த டிஸ்க் எப்போதும் கணினியிலேயே செருகியிருந்தால் போதாது. பிணைத்தொகை கேட்கும் வைரஸ் வந்தால் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வளாகத்துக்கு வெளியே என்பது பழைய விதி. அதோடு, பருவத்துக்கு ஒரு முறை ஏதாவது ஒரு பழைய ஆண்டின் மதிப்பெண் பதிவேட்டை நகலிலிருந்து வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். எவ்வளவு நேரம் பிடித்தது என்பதைக் குறியுங்கள். ஆண்டறிக்கைக்கு அந்த நிமிடக் கணக்கு போதும்.

கேள்வி: அறிவியல் கட்டடத்தின் மாடியில் இரண்டு தடவை நீர்த்தடுப்புப் பூச்சு அடித்தோம். மூன்றாம் மழைக்கு மறுபடி ஒழுகுகிறது.
(வளாகப் பராமரிப்புப் பொறியாளர்)

பூச்சை மட்டும் குறை சொல்ல முடியாது. மாடியில் வாட்டம் (தண்ணீர் வடியும் சரிவு) இருக்கிறதா? 1:100 என்றால் 10 மீட்டருக்கு 10 சென்டிமீட்டர் சரியவேண்டும். மழை நின்று இரண்டு நாள் கழித்தும் தண்ணீர் நிற்கும் இடங்களைச் சாக்பீஸால் வட்டமிடுங்கள். வடிகுழாயின் வாய் தளத்தைவிட ஒரு விரலளவு உயர்ந்து நிற்பது சர்வசாதாரணம். முதல் பூச்சுக்கு முன் தட்டோடு பதித்தவர் அதைக் கவனித்திருக்கமாட்டார். அப்படி இருந்தால் என்ன பூச்சு அடித்தாலும் குளத்துக்கு அடிக்கும் பூச்சுதான்.

இரண்டாவது, ஈரத்தின் மேல் அடித்தது. 45 சென்டிமீட்டர் சதுரமான பாலிதீன் தாளை நான்கு ஓரமும் டேப் ஒட்டி 16 மணி நேரம் விடுங்கள். எடுத்துப் பார்க்கும்போது அடியில் நீர்த்துளி கோத்திருந்தால் கான்கிரீட் இன்னும் காயவில்லை. அதன்மேல் அடித்தால் வெயிலில் உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகிப் பூச்சைக் கொப்பளமாகத் தூக்கும். கொப்பளம் உடைந்த இடம் ஓட்டை.

மூன்றாவது, மூலைகள். தளமும் கைப்பிடிச்சுவரும் சேரும் இடத்தில் பூச்சு 90 பாகையில் மடங்கினால் அங்கேதான் முதலில் விரியும். கலவையால் 7, 8 சென்டிமீட்டர் சாய்வுக்கட்டு வைத்து, பூச்சைச் சுவரில் 15 சென்டிமீட்டர் ஏற்றி, சுவரில் நீளமாக வெட்டிய காடிக்குள் (பள்ளத்துக்குள்) சொருகி மூடவேண்டும்.

வேலை முடிந்ததும் வடிகுழாய்களை அடைத்து 5 சென்டிமீட்டர் தண்ணீர் கட்டி 48 மணி நேரமாவது நிறுத்திப் பாருங்கள். சதுர மீட்டருக்கு 50 கிலோ பாரம் ஏறும் என்பதால், பழைய கட்டடமானால் கட்டமைப்புப் பொறியாளரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். இறுதித் தொகையை இந்தச் சோதனைக்குப் பிறகே கொடுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகு சூரியத் தகடு மாட்ட வருபவர் புதுப் பூச்சில் துளை போட்டு போல்ட் முடுக்குவார். ஒரே ஆண்டில் இரண்டும் திட்டத்தில் இருந்தால் தகடுகளுக்கான கான்கிரீட் பீடங்கள் முதலில், பூச்சு அடுத்து, தகடு கடைசி. இந்த வரிசையை இரண்டு ஒப்பந்தங்களிலும் எழுதுங்கள். எழுதாவிட்டால் ஒழுகும்போது ஒருவரை ஒருவர் கைகாட்டுவார்கள்.

கேள்வி: வாசலில் 15 செ.மீ. உயரத்தில் மூன்று படி. சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் எவ்வளவு நீளம்?

உயரம் 45 செ.மீ., சரிவு 1:12 என்றால் 5.4 மீட்டர். மேலும் கீழும் 1.5 மீட்டர் சமதளம். இரு பக்கமும் கைப்பிடி. உயரம் 75 செ.மீ.யைத் தாண்டினால் நடுவில் ஒரு சமதளம் வேண்டும். மேலே கதவு வெளிப்பக்கம் திறந்தால் நாற்காலி பின்னால் நகரவேண்டியிருக்கும், அதைக் கணக்கில் எடுங்கள். கழிப்பறைக் கதவின் அகலத்தையும் அன்றைக்கே அளந்துவிடுங்கள். அது 80 செ.மீ.க்குக் குறைந்தால், நாற்காலியில் வருபவர் கட்டடத்துக்குள் நுழைந்தும் பாதிநாளில் வீடு திரும்பவேண்டியதுதான்.

கேள்வி: மின்விசிறிகளை மாற்றியதில் மிச்சமானதை எப்படிக் காட்டுவது?

200 பழைய விசிறிகள் 75 வாட், புதிய பி.எல்.டி.சி. வகை (குறைந்த மின்சாரத்தில் ஓடும் மோட்டார் கொண்டவை) 35 வாட். ஒன்றுக்கு 40 வாட் மிச்சம். தினம் 8 மணி நேரம், 200 நாள் என்றால் 12,800 யூனிட். இது காகிதக் கணக்கு. இரண்டு வகுப்பறைகளின் மின்பாதையில் துணை மீட்டர் வைத்து, மாற்றும் முன் ஒரு மாதம், பின் ஒரு மாதம் எடுத்த அளவையும் பக்கத்தில் போடுங்கள். விடுமுறை மாதத்தோடு ஒப்பிட்டு மார்தட்டவேண்டாம்.

கேள்வி: சொன்ன தேதியில் முடியாத வேலைகளை ஆண்டறிக்கையில் போடலாமா? நிர்வாகம் தயங்குகிறது.

போடுங்கள். நன்கொடையாளர் வளாகத்துக்கு வரும்போது எப்படியும் கண்ணில் படும். வேலை, சொன்ன தேதி, இப்போதைய நிலை, எதற்காக நிற்கிறது என்று நான்கு கட்டங்கள் போதும். உதாரணமாக: 'மாடிக் கூரை நீர்த்தடுப்பு, ஜூன், பீடங்கள் முடிந்தன, பூச்சு பாக்கி, கான்கிரீட் காயவில்லை.'